ஸ்டீயரிங் வீலில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் கோளாறுகள்: படிப்படியாகக் கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கணினியில் கார் பந்தயம் ஓட்டுபவருக்குச் சாலையைப் பற்றிய செய்தியைக் கொண்டுவருவது ஸ்டீயரிங் வீலில் கைக்கு எட்டும், ஃபோர்ஸ் ஃபீட்பேக் எனப்படும் விசைதான். அந்த விசை நின்றுபோனாலோ, தளர்ந்தாலோ, ஒரு பக்கமாக இழுத்தாலோ, மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி வீலைப் பெட்டியில் கட்டி அனுப்ப ஆயத்தமாகிறவர்கள் பலர். மதுரையில் இருந்துகொண்டு இணையக் கடையில் வாங்கிய வீலைப் பழுதுக்கு அனுப்புவதென்றால் கூரியர் செலவும் காத்திருப்பும் சிறியவை அல்ல. பழுது மோட்டாரிலேயே இல்லாமல் மின் இணைப்பிலோ, யூஎஸ்பி கேபிளிலோ, விளையாட்டின் அமைப்பிலோ இருந்தால் அந்தச் செலவு முழுவதும் வீண். ஆகவே இந்த வழிகாட்டி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப வலியுறுத்தும்: விளையாட்டுக்கு வெளியே வீலைச் சோதித்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள், அதுவரை ஒரு திருகாணியையும் கழற்றாதீர்கள்.

விசை எந்த வழியாகக் கைக்கு வருகிறது

கார் திரும்பும்போது முன் டயர்கள் நேராவதற்கு முயல்கின்றன. அந்த முயற்சியால் ஸ்டீயரிங் தண்டில் எழும் முறுக்கு விசையை விளையாட்டு கணக்கிட்டு, விண்டோஸின் டைரக்ட்இன்புட் என்ற இடைமுகம் வழியாக வீலின் டிரைவர் மென்பொருளுக்கு அனுப்புகிறது. டிரைவர் அதை யூஎஸ்பி கேபிள் மூலம் வீல்பேஸில் (மோட்டார் இருக்கும் அடிப்பெட்டி) உள்ள ஃபர்ம்வேரிடம் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒப்படைக்க, ஃபர்ம்வேர் மோட்டாரை இயக்குகிறது. மோட்டாரின் விசை பல்சக்கரம் வழியாகவோ, பெல்ட் வழியாகவோ, டைரக்ட் டிரைவ் வகையில் நேரடியாகவோ கையில் பிடிக்கும் வளையமான ரிம்மை அடைகிறது. அதே வேளையில், வீல் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்ற அளவை என்கோடர் அல்லது காந்த சென்சார் எதிர்த்திசையில் விளையாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பாதையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது "ஃபோர்ஸ் வரவில்லை" என்ற ஒரே அறிகுறிதான். பாதையின் ஒரு முனையிலிருந்து வரிசையாகச் சோதித்துக்கொண்டு வந்தால்தான் அறுந்த இடம் பிடிபடும்.

கோளாறே இல்லாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

புதிதாக வீல் வாங்கியவர்கள் பழுது என்று சொல்லும் சிலவற்றில் பழுதே இருப்பதில்லை. வளைவில் வேகமாக நுழைந்து முன் டயர்கள் பிடியை இழக்கும்போது வீல் சட்டென்று இலகுவாகும். டயரின் பிடி எல்லையைத் தாண்டியதும் அதை நேராக்கும் விசை குறைவதே காரணம். நல்ல விளையாட்டு அதைத்தான் காட்ட வேண்டும். மெனுவிலும் ரீப்ளேயிலும் விசை நின்றுவிடுவது இயல்பு. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டில் லாரியின் ஸ்டீயரிங் இலகுவாக இருப்பதும் இயல்புதான். அதில் தமிழ்நாட்டுப் பேருந்து மாட்களை (ரசிகர்கள் உருவாக்கிச் சேர்த்த வண்டிகளை) ஓட்டுபவர்கள், வண்டி நின்றிருக்கும்போது வீல் நடுங்கினால், ஃபோர்ஸ் ஃபீட்பேக் பக்கத்தில் எஞ்சின் அதிர்வுக்கென்று உள்ள அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். லாஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 ஆகியவை பல்சக்கர வகை என்பதால் அவற்றில் மெல்லிய கடகட ஒலி இருந்தே தீரும்.

மற்றொரு குழப்பமும் உண்டு. விசையே அனுப்பாத விளையாட்டிலும் பல வீல்கள் தாமாக நடுவுக்குத் திரும்பும். அது டிரைவர் தரும் வெறும் ஸ்பிரிங் விளைவு. எல்லா வேகத்திலும், எல்லாச் சாலையிலும் ஒரே மாதிரியான இழுப்பு மட்டும் இருந்து, மேடு பள்ளம் எதுவும் கைக்குத் தெரியவில்லை என்றால் உங்களுக்கு ஃபோர்ஸ் ஃபீட்பேக் வரவில்லை என்றே பொருள்.

இவற்றை ஒதுக்கிய பிறகு, கோளாறு எப்போது வருகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கம் முதலே விசை இல்லையா, சிறிது நேரம் ஓட்டிய பின் குறைகிறதா, ஒரே விளையாட்டில் மட்டுமா, வீட்டில் வேறு ஏதேனும் மின்கருவி ஓடும்போது மட்டுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இருந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

படி 1: வீலுக்கு மின்சாரம் கொடுத்தவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

விளையாட்டு எதையும் திறக்காமல், அடாப்டரையும் யூஎஸ்பி கேபிளையும் இணைத்துவிட்டு வீலைக் கவனியுங்கள். ஜி29, த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்ற வீல்கள் தாமாகவே இடமும் வலமும் கடைசிவரை சுழன்று நடுவில் வந்து நிற்கும். இந்த ஒரு சுழற்சி நமக்குக் கிடைக்கும் மிக மதிப்புள்ள சான்று. வீல் தானாகச் சுழன்றால் அடாப்டர் மின்சாரம் தருகிறது, மோட்டார் ஓடுகிறது, அதை இயக்கும் பலகை வேலை செய்கிறது என்பன ஒரே நொடியில் உறுதியாகின்றன. அதன் பிறகு பெரும்பாலும் மென்பொருளில்தான் தேட வேண்டும். மோஸா, ஃபனாடெக் போன்றவற்றின் டைரக்ட் டிரைவ் வீல்பேஸ்களில் இந்தச் சுழற்சியை எதிர்பார்க்கக் கூடாது.

சுழற்சி நிகழும் நேரத்தில் கைகளை எடுத்துவிடுங்கள். ஜி29 தருவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் விசைதான். ஆனால் மோஸா ஆர்9 தருவது 9 நியூட்டன் மீட்டர். டைரக்ட் டிரைவ் வீலைச் சோதிக்கும்போது கட்டை விரலை ஆரங்களுக்குள் நுழைத்துப் பிடிப்பது விரலையே முறிக்கக்கூடும். அருகில் சிறு பிள்ளைகள் நிற்கக் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான் உள்ள வீல் என்றால் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அந்தப் பொத்தான் அழுத்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தாலும் விசை வராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: மின் இணைப்பு

பல வீல்களில் பொத்தான்களும் விளக்கும் யூஎஸ்பி வழியாக வரும் சிறிய மின்சாரத்திலேயே இயங்கிவிடும். மோட்டாருக்கு அது போதாது. ஆகவே விளக்கு எரிவதைக் கண்டு மின்சாரம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அடாப்டரின் முனை வீல்பேஸுக்குள் முழுமையாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீல்பேஸின் அடிப்பக்கத்தில் கேபிள் வளைந்து செல்லும் பள்ளத்தில், மேசையோடு சேர்த்து இறுக்கும்போது முனை சற்றே வெளியே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்துச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அடாப்டரின் வெளியீட்டை அளந்து, அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவோடு ஒப்பிடலாம். அளவு சரியாக இருந்தும் வீல் விசைகொடுக்கத் தொடங்கியவுடன் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், சுமை ஏறும்போது அடாப்டர் தளர்கிறது என்று பொருள். அதே வோல்ட்டும், அதே அல்லது கூடுதல் ஆம்பியரும், அதே முனையமைப்பும் கொண்ட அடாப்டரைத் தவிர வேறு எதையும் மாற்றாகச் செருகாதீர்கள்.

கோடை மாலையில் தெரு முழுவதும் ஏசி ஓடும்போது மின்னழுத்தம் இறங்குவது நமக்குத் தெரிந்ததே. பெரும்பாலான அடாப்டர்களில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் 190 வோல்ட்டுக்கு இறங்கினாலும் வீல் பாதிக்கப்படாது. உண்மையான தொல்லை மின்தடையின்போது வருகிறது. கணினி யூபிஎஸ்ஸில் இருக்க, வீல் மட்டும் வீட்டின் சாதாரண இணைப்பில் இருந்தால், இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் கணினி தப்பித்துக்கொள்ளும். வீல் மட்டும் அணைந்து மீண்டும் எழும். விளையாட்டு அதை இழந்துவிடும். ஸ்டீயரிங் திரும்பினாலும் விசை வராத அந்த நிலை, விளையாட்டை மூடித் திறந்தால்தான் தீரும். வீலின் அடாப்டரையும் கணினி இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை அறவே இல்லை. யூபிஎஸ்ஸின் வாட் அளவு இரண்டையும் தாங்குமா என்று மட்டும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சதுர அலை வகை இன்வெர்ட்டரில் நீண்ட நேரம் வீலை ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எர்த் இணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாசி வீதிகளுக்குள்ளும் வெளி வீதிகளை ஒட்டியும் உள்ள பழைய வீடுகளில், மூன்று துளைப் பிளக் இருந்தாலும் எர்த் கம்பி உயிரோடு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் கையில் மெல்லிய அதிர்வு தெரிகிறது என்றால் எர்த் வேலை செய்யவில்லை என்று எண்ணிக்கொள்ளலாம். இத்தகைய வீட்டில் மோட்டாரின் மின் இரைச்சல் வடிய வழியின்றி யூஎஸ்பி கேபிளுக்குள் புகுந்து, கனமான வளைவில் வீல் துண்டிக்கப்படுவதும், பிரேக் பெடலின் அளவு தானாகத் துள்ளுவதும் நிகழும். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். அது ஓரிரு வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. கோடையில் எர்த் குழி காய்ந்துபோவதால் அதில் தண்ணீர் ஊற்றிவருவதும் பயன் தரும். எர்த் சரியான பிறகு, அலுமினிய ஃபிரேமில் வீலைப் பொருத்தியிருப்பவர்கள் ஃபிரேமையும் எர்த்தோடு இணைக்கலாம். யூஎஸ்பி கேபிளையும் மின்சாரக் கேபிளையும் ஒன்றாகக் கட்டாமல் பிரித்து ஓடவிடுங்கள். யூஎஸ்பி கேபிளின் இரு முனைகளிலும் ஃபெரைட் வளையம் மாட்டினால் இரைச்சல் மேலும் குறையும்.

படி 3: யூஎஸ்பி

கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளையிலோ, யூஎஸ்பி ஹப்பிலோ வீலைச் செருகாமல், மதர்போர்டோடு சேர்ந்த பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். யூஎஸ்பி 3 துளையில் தொல்லை இருந்தால் யூஎஸ்பி 2 துளையில் மாற்றிப் பாருங்கள். நீட்டிப்புக் கேபிளைத் தவிர்க்க முடியாவிட்டால் மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது விண்டோஸின் துண்டிப்பு மணி ஒலித்தால் பழுது இந்தப் படியிலோ முந்தைய படியிலோதான் இருக்கிறது. விண்டோஸ் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக யூஎஸ்பி துளைகளைத் தூங்க வைப்பதும் ஒரு காரணம். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை முடக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலிலும் உள்ள குறியை நீக்குங்கள்.

படி 4: விளையாட்டுக்கு வெளியே சோதனை

விண்டோஸ் தேடல் பெட்டியில் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்கள் அமைக்கும் பக்கத்தைத் தேடித் திறந்தால் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். உங்கள் வீலைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்துக்குள் செல்லுங்கள். வீலை மிக மெதுவாகத் திருப்பும்போது திரையில் உள்ள அளவும் தாவலின்றி நகர வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டரின் பக்கத்தில் விசைகளைத் தனித்தனியே சோதிக்கும் தாவல் ஒன்று உண்டு. மற்ற நிறுவனங்களின் மென்பொருளிலும் இத்தகைய சோதனை வசதியைத் தேடிப் பாருங்கள். இங்கே விசை வந்தால் வீல் நலமாக இருக்கிறது, பழுது விளையாட்டில். இங்கேயும் வராமல், முதற்படியில் வீல் தானாகச் சுழன்றிருந்தால் பழுது டிரைவரில். இரண்டும் இல்லையென்றால் மட்டுமே மின் இணைப்பு அல்லது உள்ளுறுப்பு. வேறொரு கணினியில் செருகி இதே சோதனையைச் செய்ய நண்பர் ஒருவர் அருகில் இருந்தால், ஐயத்துக்கே இடமின்றி விடை கிடைக்கும்.

படி 5: டிரைவரும் ஃபர்ம்வேரும்

லாஜிடெக் வீலுக்கு ஜி ஹப், பழைய லாஜிடெக் கேமிங் சாஃப்ட்வேர் என இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருக்கக் கூடாது. எந்த நிறுவனத்தின் வீலாக இருந்தாலும் பழைய டிரைவரை முழுமையாக நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, புதியதை நிறுவி, அது கேட்கும் இடத்தில் மட்டும் வீலைச் செருகுவதே முறை. பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் இயங்கும் வீல்களில் ஒரு தேர்வுச் சுவிட்ச் இருக்கும்; கணினிக்கு எந்த நிலை என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். சுவிட்ச் மாறியிருந்தால் பொத்தான்கள் வேலை செய்தும் விசை வராமல் போகலாம்.

ஃபர்ம்வேரை மாற்றும்போது மின்சாரம் போனால் வீல்பேஸ் விழிக்காமலேயே போய்விடும் அபாயம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் மின்தடை அறிவித்திருக்கும் நாளிலோ, மழையும் இடியும் மிரட்டும் ஐப்பசி மாலையிலோ அதைத் தொடங்காதீர்கள். கணினியும் வீலும் யூபிஎஸ்ஸில் இருக்கும்போது செய்வதே பாதுகாப்பு.

டிரைவரின் அமைப்பில் பார்க்க வேண்டியவை சிலவே. லாஜிடெக் வீலில் சுழற்சி 900 டிகிரியாகவும், வீலைத் தானாக நடுவுக்கு இழுக்கும் சென்டரிங் ஸ்பிரிங் அணைந்தும் இருக்கட்டும். த்ரஸ்ட்மாஸ்டரில் ஒட்டுமொத்த விசை தொடக்கத்திலேயே 75 சதவீதமாக வைக்கப்பட்டிருக்கும். அதை 100 ஆக்க வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: விளையாட்டின் அமைப்பு

வீலை இணைத்து, அது நிலைகொண்ட பிறகே விளையாட்டைத் திறக்க வேண்டும். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் வழியாக ஓடும் விளையாட்டுகளில், ஸ்டீம் இன்புட் என்ற இடைநிலை அடுக்கு வீலைச் சாதாரணக் கேம்பேடாக மாற்றிக் காட்டி விசையை நிறுத்திவிடக்கூடும். விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸில் கன்ட்ரோலர் பகுதிக்குச் சென்று அதை முடக்குங்கள். கேம்பேட், தனி ஹேண்ட்பிரேக், மெய்நிகர் ஜாய்ஸ்டிக் மென்பொருள் போன்றவை உடன் இருந்தால் விளையாட்டு விசையை வேறு கருவிக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வீலை மட்டும் வைத்துச் சோதியுங்கள். ஓட்டத்தின் நடுவே வேறு சாளரத்துக்குத் தாவித் திரும்பியதும் விசை மறைந்தால், அந்த விளையாட்டு வீலின் மீதான தன் பிடியை இழந்திருக்கிறது. மூடித் திறப்பதே நேர்வழி.

திருப்பும் திசையிலேயே வீல் மேலும் இழுத்துக்கொண்டு ஓடினால் விசையின் திசை தலைகீழாக இருக்கிறது. பல விளையாட்டுகளில் அதை மாற்ற ஒரு தேர்வு இருக்கும். சிலவற்றில் கெயின் (அனுப்பும் விசையைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கம்) அளவை எதிர்க்குறி எண்ணாக மாற்ற வேண்டும்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. "விசை வருகிறது, ஆனால் உயிர் இல்லை" என்ற குறையோடு வருபவர்களில் பலர் கெயினைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள். உண்மையான பந்தயக் காரின் ஸ்டீயரிங் தண்டில் எழும் விசை 10 நியூட்டன் மீட்டரையும் தாண்டக்கூடும். உங்கள் வீலால் தர முடிந்தது 2 மட்டுமே என்றால் விளையாட்டு அதைச் சுருக்கித்தான் அனுப்பியாக வேண்டும். கெயினை அளவுக்கு மீறிக் கூட்டும்போது, நடுத்தர வளைவிலேயே சமிக்ஞை 100 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது; அதற்கு மேல் டயர் சொல்வது எதுவும் மோட்டாருக்குச் செல்வதில்லை. திருவிழாப் பந்தலில் குழாய் ஒலிபெருக்கியை முழுமையாகத் திறந்துவிட்டால் சத்தம் மட்டும் மிஞ்சிச் சொல் உடைந்துபோகிறதே, அதே நிகழ்வுதான் இது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வீல் கனமாக இருக்கும், ஆனால் டயர் வழுக்கத் தொடங்கும் கணத்தைக் கை உணராது.

அஸெட்டோ கோர்ஸா விளையாட்டில் பெடல் அளவுகளைக் காட்டும் சிறு சாளரத்தைத் திரையில் வையுங்கள். அதில் விசைக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. கனமான, நீண்ட வளைவு உள்ள ஓடுதளத்தில் முழு வேகத்தில் ஓட்டி அந்தப் பட்டையைப் பாருங்கள். வளைவு முழுவதும் அது உச்சியில் ஒட்டிக்கொண்டு சிவந்தால், விசைப்பலகையின் எண் பகுதியில் உள்ள கழித்தல் பொத்தானை அழுத்தி அந்தக் காருக்கான அளவைக் குறையுங்கள். ஓரத்து மேட்டில் ஏறும்போதும் மோதும்போதும் மட்டும் கணநேரம் சிவக்கும் நிலையில் நிறுத்துங்கள். அஸெட்டோ கோர்ஸா கொம்பெடிட்ஸியோனேயிலும் இத்தகைய பட்டை உண்டு. ஐரேசிங்கில் எஃப் என்ற அளவுமானி சிவப்பதைக் கவனித்து, சில சுற்றுகள் ஓட்டிய பின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் அந்தக் காருக்கேற்ற அளவை அதுவே அமைத்துவிடும். கெயினைக் குறைத்ததும் வீல் முதலில் மெலிந்தது போலத் தோன்றும். சில சுற்றுகளுக்குள் முன்பு கேளாத பலவற்றைக் கை கேட்கத் தொடங்கும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த வழிகாட்டியைப் படித்தாலும் பயனுண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

பல்சக்கர வீல்களில் இதற்கு நேரெதிரான ஒரு குறையும் இருக்கிறது. நடுவில் வரும் மிகச் சிறிய விசைகள் பல்சக்கரத்தின் உராய்வைத் தாண்ட முடியாமல் அமிழ்ந்துபோவதால், நேர்ச்சாலையில் வீல் செத்ததுபோல் இருக்கும். மினிமம் ஃபோர்ஸ் என்ற, மோட்டாருக்கு அனுப்பும் குறைந்தபட்ச விசையின் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். நடுவில் வீல் தானாக இடவலமாகத் தட்டத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். டைரக்ட் டிரைவில் இந்த அளவு சுழியமாகவே இருக்க வேண்டும்.

டைரக்ட் டிரைவ் வீல், கையை விட்டால் நேர்ச்சாலையில் இடமும் வலமும் ஆடி ஆடி பெருகுவது பழுதல்ல. விசை கணக்கிடப்படுவதற்கும் ரிம்முக்கு வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள சிறு தாமதமே அந்த ஆட்டத்தை ஊட்டுகிறது. பிடித்திருக்கும் கை அதை அடக்குகிறது. வீல்பேஸின் மென்பொருளில், வீலின் அசைவைத் தணிக்கும் டேம்பிங் அளவைச் சற்றுக் கூட்டினால் அடங்கும். அளவுக்கு மேல் கூட்டினால் நுண்ணிய செய்திகளும் சேர்ந்து அடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 7: வெப்பம்

தொடக்கத்தில் நன்றாக இருந்த விசை, ஓட்ட ஓட்டக் குறைந்துகொண்டே போய், வீலைச் சிறிது நேரம் அணைத்துவைத்தால் திரும்பி வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வெப்பம். டி300 போன்ற வீல்கள் மோட்டாரைக் காக்கத் தாமாகவே விசையைக் குறைத்துக்கொள்கின்றன. சித்திரை, வைகாசியில் மதுரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இரவு பத்து மணிக்கும் ஆறியிருக்காது. அந்த அறையில் வீலுக்கு உள்ளே புகும் காற்றே சூடானது. காற்றுத் துளைகளில் படிந்த தூசியை உலர்ந்த தூரிகையால் நீக்குங்கள். வீல்பேஸின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். ஒரு மேசை விசிறியை அதன் மீது திருப்பி வையுங்கள். அதோடு ஒட்டுமொத்த விசையை 60 சதவீத அளவுக்கு இறக்கினால், கோடையிலும் முழுப் பந்தயத்தை ஓட்டி முடிக்கலாம். விசிறி இல்லாத டைரக்ட் டிரைவ் வீல்பேஸின் உலோகக் கூடு தொடும்போது சூடாக இருப்பது வடிவமைப்பின்படியானதே. உள்ளிருக்கும் வெப்பத்தை அந்தக் கூடுதான் வெளியேற்றுகிறது.

படி 8: உள்ளுறுப்புகள்

இதுவரையிலான படிகள் எதுவும் பயன் தராதபோதுதான் இங்கே வர வேண்டும். முதலில் வெளியே உள்ளவற்றை இறுக்குங்கள்: மேசைக் கவ்வி, ரிம்மின் திருகாணிகள், கழற்றி மாட்டும் இணைப்பு. இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் சிறிய விசைகள் அந்த ஆட்டத்திலேயே தொலைந்துபோகும்.

நடு இடம் நகர்ந்துகொண்டே போவது லாஜிடெக்கின் ஜி27, ஜி29 வகைகளில் அறியப்பட்ட கோளாறு. மோட்டார் தண்டில் செருகியிருக்கும் சிறு பிளாஸ்டிக் என்கோடர் தட்டு விரிசல் விட்டு, தண்டின் மேல் வழுக்குவதே காரணம். கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வீலை இரு எல்லைகளுக்கும் பலமுறை வேகமாகத் திருப்பி, நடுவில் நிறுத்துங்கள். ரிம் நேராக இருந்தும் திரையில் உள்ள அளவு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் தட்டு விரிசல் விட்டிருக்கிறது. இதற்கு மாற்றாக உலோகத் தட்டுகள் விற்கப்படுகின்றன. மாற்றுவதற்கு வீல்பேஸைத் திறக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் திறவுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்து, திருகாணிகளை எடுத்த இடத்தின் வரிசையிலேயே வையுங்கள். பல்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸ் மட்டுமே ஏற்றது. தையல் மெஷின் எண்ணெய் கூடாது.

அடாப்டர் செருகும் துளை தளர்ந்திருப்பதோ, யூஎஸ்பி கேபிள் வீல்பேஸுக்குள் நுழையும் இடத்தில் கம்பி அறுந்திருப்பதோ மட்டும்தான் பழுது என்று உறுதியானால், கைபேசிகளில் நுண்ணிய பற்றவைப்பு செய்யும் நல்ல மெக்கானிக்கே அதைச் சரிசெய்துவிடுவார். டவுன்ஹால் ரோடு பக்கம் அத்தகைய கைகள் இருக்கின்றன. "ஃபோர்ஸ் வரவில்லை, பாருங்கள்" என்று மொத்தமாக ஒப்படைக்காமல், பழுதான இடத்தைச் சுட்டிக்காட்டி அதை மட்டும் செய்யச் சொல்வது உங்கள் பொறுப்பு. மோட்டாரை இயக்கும் பலகையில் கருகல் மணம் வந்தால் அதற்கு மேல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

உத்தரவாதம் மீதமிருந்தால் திறக்காமல் அனுப்புவதே சரி. முதற்படியில் வீல் சுழலாததையும், நான்காம் படியில் சோதனை தோற்பதையும் வெட்டாமல் ஒரே காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். அதில் வரிசை எண் தெளிவாகத் தெரியட்டும். செய்து பார்த்த படிகளை வரிசையாக எழுதி, வாங்கிய ரசீதோடு சேர்த்து அனுப்பினால், இவற்றையே மறுபடி செய்யச் சொல்லி வரும் முதல் மறுமொழிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடாப்டரையும் உடன் அனுப்ப வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் பழுது அதிலேயே இருக்கக்கூடும். ரிம் கழலக்கூடியதாக இருந்தால் கழற்றித் தனியே சுற்றி, முதலில் வந்த நுரை அச்சுக்குள்ளேயே வீல்பேஸை வைத்து, வெளியே இன்னொரு அட்டைப் பெட்டி போட்டுக் கூரியரில் கொடுங்கள்.